காயும் இலையுமாக ஒரு கிளை

காயும் இலையுமாகச் சேர்த்து ஒரு கிளை வேண்டும் என்றுதான் அந்த டாக்டர் பெண் கேட்டாள். கேட்டது விடியற்காலை ஐந்தரைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில். "உங்க வீட்டம்மா எந்தப் பழத்தைத் தின்னாங்கன்னு தெரிஞ்சாகணும். பேரு சொன்னா மட்டும் எனக்குப் புரியாது, ஊருக்கு ஒரு பேரு வச்சிருக்கீங்க. செடியிலிருந்து கிளையா ஒடிச்சுட்டு வாங்க. அது வர்ற வரைக்கும் நாங்க பொதுவாத்தான் பார்க்க முடியும்." அதோடு உள்ளே போய்விட்டாள். குழந்தைவேலு மலைக்குக் காய்கறி ஏற்றப் போகும் முதல் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து, மேல்மந்தை விலக்கில் இறங்கி, இப்போது புல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். மணி ஏழரை இருக்கும். பனியில் நனைந்த புல் காலுக்கடியில் வழுக்கியது. வழுக்கட்டும். பத்தொன்பது வருஷமாக வனத்துறை வாட்ச்சராக இந்தப் புல்மேட்டை மிதிக்கிற கால். கண்ணைக் கட்டிவிட்டாலும் மூன்று மேடும் நான்கு பள்ளமும் இரண்டு சோலையும் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடும். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தால்தானே. பவளம் எங்கே பறிப்பாள் என்று அவனுக்குத் தெரியாது. தவிட்டுப்பழம் பறிக்கிற பெண்கள் தங்கள் இடத்தைக் கூடப்பிறந்தவளுக்குக்கூடக் காட்டமாட்டார்கள். பறித்து, இலையில் பொட்டலம் கட்டி, பஸ் நிற்கிற வளைவில் டூரிஸ்ட்காரர்களுக்கு விற்பார்கள். எங்கே பறித்தது என்று கேட்டால் மலையைப் பொதுவாகக் கை காட்டுவார்கள். அவனும் கேட்டதில்லை. காட்டுமாட்டின் தடம் தெரியும், செந்நாயின் தடம் தெரியும், சிறுத்தை எந்தப் பாறையில் வெயில் காய்கிறது என்றுகூடத் தெரியும். கட்டின பெண்டாட்டியின் தடம் தெரியாது. பெரிய வாட்ச்சர்.

ஒரே ஒரு துப்பு இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். நேற்றுச் சாயங்காலம் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவள் சேலை ஓரத்தில் வெள்ளைச் சேறு அப்பியிருந்தது. இந்த மலையில் மண் கறுப்பு, மிஞ்சினால் செம்மண். வெள்ளைச் சேறு மூன்றாம் மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் கசிகிற பள்ளத்தில் மட்டும்தான் உண்டு. சேறு கண்ணில் பட்டிருக்கிறதே, அந்த நேரத்தில். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உதடும் நாக்கும் கறுநீலமாக இருக்கிறது, முகம் செக்கச் செவேலென்று காய்கிறது, கண்ணில் கறுப்பைத் தவிர வேறொன்றுமே இல்லை, அக்கம்பக்கத்தார் கூடி "வாட்ச்சரு வந்துட்டாரு, வழி விடுங்க" என்கிறார்கள், அவன் கண் போய்ச் சேலை ஓரத்துச் சேற்றைப் பார்க்கிறது. தொழில் புத்தி. ஜீப்பில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டபோது உடம்பு அனலாகக் கொதித்தது. "என்ன புள்ள தின்ன? என்ன தின்ன சொல்லு" என்று எத்தனை தடவை கேட்டிருப்பான். "பழம்" என்றாள். அதற்கு மேல் பேச்சில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திய பிறகு கை ஓயவில்லை. போர்வையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்து மடியில் போட்டபடியே இருந்தாள். இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, ஆனாலும் விரல் தேடியது, கண்டது, காம்பை நகத்தால் கிள்ளியது, மடியில் போட்டது. அவள் தங்கச்சி தேன்மொழி கையைப் பிடித்துப் பார்த்தாள். "விடுடி, மழை வர்றதுக்குள்ள முடிக்கணும்" என்றாள் பவளம், தெளிவாக. அவன் போர்வையின் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டான், பறிக்க வாகாக இருக்கட்டும் என்று. ஏன் அப்படிச் செய்தான்? அந்த நேரத்தில் அவளுக்குச் செய்ய அவனிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

பேய்த்தவிடாகத்தான் இருக்கும். ஜீப்பில் வரும்போதே தெரிந்துவிட்டது, மனசுதான் அந்தப் பேரைக் கிட்டே சேர்க்கவில்லை. தவிட்டுச்செடியோடு செடியாக, ஒரே உயரத்தில், ஒரே நிறத்துக் காயோடு நிற்கும் சனியன். இலையின் அடியை விரலால் தடவினால் தவிட்டுக்கு மெத்தென்று வெள்ளை ரோமம் இருக்கும், பேய்த்தவிட்டுக்கு வழவழவென்று இருக்கும். கண்ணே வேண்டாம், கட்டைவிரல் போதும். பவளம் கட்டைவிரலாலேயே பார்க்கிறவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் கன்னத்தை அதே மாதிரி தடவிப் பார்த்து, "நல்ல தவிடுதான்" என்று சிரித்தாள். எட்டு வயதிலிருந்து பறிக்கிறவள் ஏமாறுவாளா? ஏமாறலாம். ஆனைக்கும் அடி சறுக்கும். அதிலும் பறிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டே. செடிக்கு ஒரு பழம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மடியில் பறிக்க ஆரம்பிப்பார்கள். ஒரு செடி தேனாக இருக்கும், பக்கத்துச் செடி துவர்க்கும், பார்த்தால் தெரியாது. அப்படிச் செடிக்கு ஒன்று தின்றுகொண்டே போகும்போது, பேச்சு நினைப்பில், கவலை நினைப்பில், கை தவறி ஒன்று. ஒன்றே ஒன்று. ஒன்றுக்கு இந்தப் பாடு படுத்துமா? படுத்தும், படுத்தும், வெறும் வயிற்றில் படுத்தாமல் என்ன. அப்படியானால் அந்தச் செடியில் ஒரே ஒரு காம்புதான் மொட்டையாக இருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு காம்பு என்றால் தவறிப் போனது. செடியே மொட்டையாக இருந்தால்? அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவன் நடையை எட்டிப் போட்டான், பின்னாலிருந்து யாரோ தள்ளின மாதிரி.

கிளை கிடைக்க வேண்டும், கிடைத்தால் அவள் பிழைப்பாள். செடி கண்ணில் படவே கூடாது, பட்டால் காம்பை எண்ண வேண்டி வரும். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் மேடு ஏறினால் மூச்சு வாங்காதா? முதல் மேட்டு உச்சியில் நின்று மூச்சு விட்டான். தவறித்தான் தின்றிருப்பாள், சந்தேகமே இல்லை. நேற்று விடியுமுன்னே, அவன் டூட்டிக்குக் கிளம்பின கையோடு அவளும் கிளம்பியிருப்பாள். அரையிருட்டில் போனால்தான் வாட்ச்சர் கண்ணில் படாமல் பறிக்க முடியும். குளிரில் கட்டைவிரல் மரத்துப் போயிருக்கும். மரத்த விரலுக்கு ரோமமும் ஒன்று, வழவழப்பும் ஒன்று. சரி, யார் கண்ணில் படாமல்? எந்த வாட்ச்சர் கண்ணில்? அங்கே வந்து முட்டிக்கொண்டது. தவறித் தின்றாள் என்றாலும் பழி அவன் வாசலில் வந்து நிற்கிறது. தெரிந்து தின்றாள் என்றாலும் அவன் வாசல்தான். அப்புறம் எதற்கடா காம்பை எண்ண இந்த ஓட்டம் ஓடுகிறாய் என்று தன்னையே கேட்டான். வித்தியாசம் இருக்கிறது. தவறியவள் திரும்பி வீட்டுக்கு வருவாள். அதுதான் வித்தியாசம். வேறு ஒரு மண்ணும் இல்லை. அதோடு, காலையில் தின்றிருந்தால் சாயங்காலம் வரை தாங்கியிருக்குமா என்று ஒரு கேள்வி வந்தது. அவன் மளமளவென்று இறங்க ஆரம்பித்தான்.

புதன்கிழமை. போன புதன்கிழமை பதினொரு மணி. புது ரேஞ்சர் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, முதல் தடவையாக மேட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். புல்மேட்டில் யாரும் பழம் பறிக்கக் கூடாது என்று அந்த மாதம்தான் உத்தரவு வந்திருந்தது. குழந்தைவேலு முன்னால் நடந்தான், அவர் பின்னால். வழக்கமாகப் பறிக்கிற பெண்கள் யாரும் அந்த வழிக்கு வருவதில்லை. அன்றைக்கென்று சீகை மரத்து மறைவிலிருந்து கூடையும் கையுமாக வந்து நின்றாள் பவளம். புருஷன் முன்னால் வருகிறான், என்ன ஆகிவிடப் போகிறது என்ற தைரியம்தான். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. ரேஞ்சர் நல்ல மனுஷன். அதுதான் தாங்க முடியவில்லை, அவர் நல்ல மனுஷன். அதட்டவில்லை, பேர் எழுதவில்லை. "யாருப்பா இந்தம்மா? தெரிஞ்சவங்களா இருந்தா சொல்லி அனுப்பிவிடு" என்றார். தெரிந்தவள்தான் சார், என் சம்சாரம் சார், இனிமே வரமாட்டா சார். மூன்றே வார்த்தை. அவரும் சிரித்திருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவன் வாய் திறந்தான். "யாருன்னு தெரியல சார். கீழ ஊர்ப் பொம்பள போல" என்றான். ஏன் சொன்னான்? தற்காலிக வாட்ச்சர்களை நிரந்தரம் ஆக்குகிற பட்டியல் மேலே போயிருந்தது, அதில் அவன் பேர் இருந்தது, வாட்ச்சரின் வீட்டுக்காரியே உத்தரவை மீறினாள் என்று வந்துவிட்டால் என்று ஒரு பயம். அவ்வளவுதானா? அவ்வளவுதான். சொன்ன பிறகு நாடகம் பாதியில் நிற்குமா? கூடையை வாங்கிப் பழத்தைப் புல்லில் கொட்டினான். "போம்மா, போ. இந்தப் பக்கம் இனி பார்க்கக் கூடாது" என்றான். வீட்டில் ஒருநாளும் அவளை வாம்மா போம்மா என்றதில்லை. அவள் காலிக்கூடையை வாங்கிக்கொண்டு, "சரிங்கய்யா" என்றாள்.

சரிங்கய்யா. அதைத்தான் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அன்று சாயங்காலம் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனான். கத்துவாள், பாத்திரத்தைப் போட்டு உடைப்பாள், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பாள், நாமும் நாலு வார்த்தை சொல்லி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு வழியாக முடித்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனான். ஒன்றும் நடக்கவில்லை. சோறு போட்டாள், பூண்டு ரசம் வைத்திருந்தாள். "பவளம், காலையில..." என்று ஆரம்பித்தான். "உங்களுக்கு வெந்நி போட்டு வச்சிருக்கேன், ஆறிரும்" என்றாள். அவனும் எழுந்து குளிக்கப் போய்விட்டான். போய்விட்டான்! அந்த வெந்நீர் எவ்வளவு சௌகரியமாக இருந்தது. வியாழன், வெள்ளி, சனி. கட்டிக்கொடுத்த மகளிடம் போனில் சிரித்துப் பேசினாள், "அப்பா நல்லாருக்காரு" என்றாள். சரி, அவளும் புரிந்துகொண்டாள், குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்று அவன் நிம்மதியாகத் தூங்கினான். தூங்கினவன் வாயில் மண்ணைப் போட. கோபத்தைத் தேடினானே தவிர, கோபமே இல்லாமல் ஒருத்தி இருந்தால் அது என்ன என்று அவன் புத்திக்கு எட்டவில்லை. காட்டில் சத்தம் நின்றால் உடனே நிற்கிறவன், காதைத் தீட்டுகிறவன். வீட்டில் நான்கு நாள் சத்தம் நின்றிருந்தது, போர்த்திக்கொண்டு படுத்தான்.

மூன்றாம் மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் வெள்ளைச் சேறு இருந்தது. சேற்றில் அவள் கால் இருந்தது. இடது கால் பெருவிரல் சற்று விலகி விழுகிற தடம். பார்த்த உடனே தெரிந்தது, ஒரு கணம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது இத்தனை வருஷமாகத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அவன் குனிந்து அந்தத் தடத்தை விரலால் தொட்டான். ஓரம் இடியாமல் ஆழமாக இருந்தது. ஓடவில்லை, தடுமாறவில்லை, நிதானமாக நடந்து போயிருக்கிறாள். தடம் பள்ளத்தைத் தாண்டி, ஒரு சரிவில் ஏறி, பாறை மறைவில் கொண்டுபோய் விட்டது. அங்கே வந்ததும் அவன் வாயைப் பிளந்து நின்றான். இப்படி ஓர் இடம் இந்த மலையில் இருப்பது அவனுக்குத் தெரியாது. காற்றே இல்லாத ஒரு மடக்கில் தவிட்டுச்செடிகள் இடுப்பளவு உயரத்துக்கு நெருக்கி நின்றன. முப்பது இருக்கும், நாற்பதுகூட இருக்கும். ஒவ்வொன்றிலும் பழம், கறுநீலமாக, தொட்டால் உதிர்கிற பக்குவத்தில். கொண்டைக்குருவி இரண்டு கொத்திக்கொண்டிருந்தவை பறந்தன. இரண்டு பூப் பூத்தும் இருந்தது, ரோஸ் நிறத்தில். யாரும் கை வைக்கவில்லை. ஒரு செடியில்கூட ஒரு காம்புகூட மொட்டை இல்லை. அவன் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே போனான், இலையைத் திருப்பித் திருப்பிக் கட்டைவிரலால் தடவினான். ரோமம், ரோமம், ரோமம். கடைசியில் பாறையை ஒட்டித் தனியாக நின்றது ஒன்று. விரல் வழுக்கியது.

அதில் காம்பைத் தவிர ஒன்றும் இல்லை. எண்ண ஆரம்பித்து இருபதோடு விட்டுவிட்டான். பாறை இடுக்கில் கைக்கெட்டாத ஒரு கொத்து மட்டும் மிஞ்சியிருந்தது. கீழே ஒரு காய்கூடச் சிதறவில்லை, ஓர் இலை கிழியவில்லை, நகத்தால் கிள்ளி எடுத்த காம்புகள் ஒரே அளவில் நின்றன. வேலை சுத்தம் என்று எப்போதும் பெருமையாகச் சொல்வான் அவளைப் பற்றி. செடியின் முன்னால் புல் வட்டமாகப் படிந்திருந்தது; ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறாள். அவன் அந்தப் படிந்த புல்லிலேயே உட்கார்ந்தான், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அதுவே சொன்னது. எதிரே பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மேடு, மேட்டின் மேல் ஒரு தகரக் கூரை. அவனுடைய வாட்ச் ஷெட். கூப்பிட்டால் கேட்காது, கையை ஆட்டினால் தெரியும், அவ்வளவு தூரம். நேற்று முழுக்க அவன் அங்கேதான் இருந்தான். மதியம் டீ போட்டான். வெயில் நன்றாக அடிக்கிறதே என்று கம்பளியை எடுத்துக் கூரையில் உலர்த்தினான், அப்போது இந்தப் பக்கம் திரும்பி சோம்பல்கூட முறித்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாளா? ஒவ்வொன்றாகக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாளா? பார்க்கட்டும் என்று காத்திருந்தாளா? ஒரு தடவை இந்தப் பாறைப் பக்கம் ரோந்து வந்திருந்தால். வரவில்லையே. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவை வரவில்லையே. எழுந்து, பாறை இடுக்கில் மிஞ்சியிருந்த கொத்தை எக்கிப் பிடித்து இலையோடு வளைத்து ஒடித்தான். ஒடிக்கும்போதே வாய் தானாக ஒரு பொய்யைக் கட்ட ஆரம்பித்திருந்தது. தவிட்டுக்குள்ளேயே கலந்து நின்னுச்சு டாக்டர், நானா இருந்தாலும் ஏமாந்திருப்பேன். அவளுக்காகத்தான் இந்தப் பொய் என்று சொல்லிக்கொண்டான். போலீஸ் கேட்டால் என்ற நினைப்பும் கூடவே வந்தது, பட்டியல் நினைப்பும் பின்னாலேயே வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. சீ என்று தன் மேலேயே துப்பத் தோன்றியது.

அந்தப் பாறைக்கு சிக்னல் கிடைக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியாது. சட்டைப் பையில் போன் அடித்ததும் உடம்பு தூக்கிப் போட்டது. தேன்மொழி. "மாமா, எங்க இருக்கீங்க? அப்பத்துல இருந்து அடிக்கிறேன், லைனே போகல. அக்காவுக்குத் தெளிஞ்சிருச்சு மாமா. நீங்க கெளம்பின கொஞ்ச நேரத்துல கண்ணு முழிச்சுத் தண்ணி கேட்டுச்சு. அதுவே டாக்டரம்மாகிட்டச் சொல்லிருச்சு, பேய்த்தவிடுன்னு. இலை இப்படி இருக்கும், காய் இப்படி இருக்கும்னு பூராவும். உசுருக்குப் பயமில்லைன்னுட்டாங்க." அவன் அப்படியே மறுபடி புல்லில் உட்கார்ந்துவிட்டான். "ஏன் தின்னாளாம்?" என்றான். "மேகம் எறங்கி இருட்டிருச்சாம். அவசரத்துல தவிட்டுப்பழம்னு நெனச்சுத் தின்னுட்டேன்னுச்சு. போலீஸ்காரரு வந்து அப்படியே எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது மாமா." நேற்று மேகம் இறங்கவில்லை. வாட்ச்சர் நோட்டில் வானம் தெளிவு என்று அவன் கையாலேயே எழுதியிருக்கிறான். அவன் கட்டிக்கொண்டிருந்த பொய்யை, நாக்கு வறண்டு கிடந்தவள், அவனைவிட நன்றாகக் கட்டி, அவனுக்கே கொடுத்துவிட்டாள். தேன்மொழி போனை வைக்கவில்லை. "மாமா" என்றாள். "என்ன?" "போலீஸ்காரரு புருஷன் பேரு என்னன்னு கேட்டாரு. நான் சொல்றதுக்குள்ள அக்காவே சொல்லிருச்சு." "என்னன்னு சொன்னா?" "உங்க பேருதான். குழந்தைவேலு, வாட்ச்சருன்னு. தடங்கலே இல்லாம சொல்லுச்சு மாமா. யாரோ பேரைச் சொல்ற மாதிரி." அதைச் சொல்லிவிட்டுத் தேன்மொழி அழ ஆரம்பித்தாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை. மலைச் சாமிக்கும் அதே பேர்தான். திருவிழாவில் ஊரே பேரைச் சொல்லி அரோகரா போடும்போது அவள் பேரை விழுங்கிவிட்டு அரோகரா மட்டும் போடுவாள். பிரசவத்துக்குச் சேர்த்தபோது நர்ஸ் கேட்டதற்கு, "நம்ம கோயில்ல இருக்காரே, அவரு பேரு" என்று வலியிலும் வெட்கப்பட்டுத் திரும்பிப் படுத்தாள், வார்டே சிரித்தது. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள், மகள் பேசக் கற்ற பிறகு மகளை இடித்துச் சொல்லச் சொல்வாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுக்கு அப்படி ஒரு பயம். "அவகிட்ட போனைக் குடு" என்றான். அந்தப் பக்கம் ஏதோ குசுகுசுவென்று கேட்டது, கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தேன்மொழி, "தூங்குது மாமா" என்றாள். "சரி" என்றான். போன் நின்ற பிறகும் காதிலேயே வைத்திருந்தான். இனி யாருக்கும் வேண்டாத கிளை மடியில் கிடந்தது. எதிர்மேட்டில் தகரக் கூரை வெயிலில் மின்னியது, அதில் அவன் கம்பளி நேற்றுப் போட்டபடியே கிடந்தது. அவள் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று கேட்டுப் பார்க்க, அவன் தன் பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னான். பிறகு இன்னொரு தடவை சொன்னான். அவள் குரலில் அந்தப் பேர் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டவர்கள் அந்தப் போலீஸ்காரரும் தேன்மொழியும்தான்.